குழந்தை எந்த வீட்டில் உறங்கியது? கஸ்டடி மாறும் ஆண்டின் அமெரிக்க வரிக்கணக்கு

அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கான வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய 2026 ஏப்ரல் 15 கடைசி நாள். பிரிந்து வாழும் பெற்றோரிடையே அந்த நாள் நெருங்க நெருங்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது: ஆண்டின் நடுவில் குழந்தை அம்மா வீட்டிலிருந்து அப்பா வீட்டுக்குப் போய்விட்டது, இந்த ஆண்டு யார் கணக்கில் குழந்தையைக் காட்டுவது?

பலரும் இரண்டு விடைகளை மனதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஆளுக்குப் பாதி. மற்றொன்று, குடும்ப நீதிமன்ற உத்தரவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. இரண்டுமே தவறு. கூட்டாட்சி வரிச்சட்டம் ஒரு குழந்தையைப் பாதியாகப் பிரிப்பதில்லை. நீதிபதி யாருக்குக் கஸ்டடி கொடுத்தார் என்பதையும் அது முதலில் பார்ப்பதில்லை. குழந்தை எத்தனை இரவு எந்த வீட்டில் தூங்கியது என்பதே அதன் முதல் கேள்வி. அந்த எண்ணிக்கை ஓர் இரவு குறைந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் கைமாறும்.

அடிப்படை: யார் 'தகுதியுள்ள குழந்தை'?

வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒரு பிள்ளையை உங்கள் டிபென்டென்டாக, அதாவது உங்களைச் சார்ந்திருப்பவராக, ஏற்க ஐந்து நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. உறவு: மகன், மகள், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை வழிப் பிள்ளை, சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட வளர்ப்புப் பிள்ளை, உடன்பிறந்தார், இவர்களின் பிள்ளைகள்.
2. வயது: ஆண்டு முடிவில் 19 நிறையாதவர். முழுநேர மாணவரென்றால் 24 நிறையாதவர். நிரந்தர முழு ஊனம் இருந்தால் வயது வரம்பு இல்லை.
3. வசிப்பிடம்: ஆண்டில் பாதிக்கும் மேல் உங்களோடு வாழ்ந்திருக்க வேண்டும்.
4. செலவு: தன் செலவில் பாதிக்கு மேல் பிள்ளையே சம்பாதித்துக் கொடுத்திருக்கக் கூடாது.
5. பிள்ளைக்குத் திருமணமாகி, துணையோடு கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்திருக்கக் கூடாது.

கஸ்டடி மாறும் ஆண்டில் அடிபடுவது மூன்றாவது நிபந்தனை. நான்காவதைப் படித்துவிட்டு, 'பள்ளிக் கட்டணம் முழுக்க நான்தானே கட்டினேன்' என்று வாதிடுவோர் உண்டு. அங்கே கேட்கப்படுவது பிள்ளை தனக்காக எவ்வளவு சம்பாதித்துச் செலவழித்தது என்பது மட்டுமே. பெற்றோரில் யார் அதிகம் செலவிட்டார் என்பதற்கு அங்கே இடமில்லை.

இரவுக் கணக்கு

2025இல் 365 இரவுகள். பாதிக்கும் மேல் என்றால் 183. ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டு போனால் 183ஆவது இரவு ஜூலை 2. அன்றிரவு வரை குழந்தை உங்கள் வீட்டில் தூங்கி, மறுநாள் காலை மற்றவர் வீட்டுக்குப் போனால் ஆண்டு உங்களுடையது. ஜூலை 2 மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் 182தான். பள்ளி முடிந்ததும் கோடையில் வீடு மாறுவதுதான் வழக்கம். அந்தக் கோடையின் நடுவில்தான் இந்தக் கோடும் விழுகிறது.

எண்ணும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. கோடை முகாமிலோ நண்பர் வீட்டிலோ குழந்தை தங்கிய இரவு, வழக்கமாக அன்று எந்தப் பெற்றோரிடம் இருந்திருக்குமோ அவர் கணக்கில் சேரும். டிசம்பர் 31 இரவு, அது தொடங்கும் ஆண்டுக்கே உரியது. மருத்துவமனையிலோ ஐ.டி. ஆதரவுப் பணியிலோ இரவுப்பணி செய்யும் பெற்றோருக்கு ஒரு நியாயம் செய்யப்பட்டிருக்கிறது: அந்தப் பணியின் காரணமாகக் குழந்தை இரவில் மற்றவரிடமும் பகலில் இவரிடமும் இருந்தால், இரவுக்குப் பதில் பகல் எண்ணப்படும். இருவரிடமும் சரிசமமான இரவுகள் அமைந்துவிட்டால், வருமானம் அதிகமுள்ளவரே கஸ்டடி பெற்றோராக, அதாவது வரிச்சட்டத்தின் கண்ணில் அதிக இரவுகள் குழந்தையை வைத்திருந்தவராக, கருதப்படுவார்.

படிப்பு, நோய், விடுமுறை, இளையோர் காப்பகத்தில் வைக்கப்படுதல் போன்றவை தற்காலிக விலகல்கள். கல்லூரி விடுதியில் எட்டு மாதம் இருக்கும் மகள் வரிச்சட்டத்தின் கண்ணில் இன்னும் வீட்டில்தான் வசிக்கிறாள். அரசின் குழந்தைகள் நலத்துறை ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்புக் குடும்பத்தில் வைத்தால் கதை வேறு: அங்கே பாதி ஆண்டுக்கு மேல் வாழ்ந்தால் அந்தக் குடும்பமே குழந்தையைக் கணக்கில் காட்டலாம்.

குழந்தை போனால் கூடவே போவது

183ஐ எட்டாத பெற்றோர் இழப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லா எண்களும் 2025ஆம் ஆண்டுக்கானவை.

1. சைல்ட் டாக்ஸ் கிரெடிட்: 17 வயது நிறையாத பிள்ளைக்கு 2,200 டாலர். 2024 வரை 2,000 ஆக இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் உயர்த்தியது. இது வருமானத்திலிருந்து கழிவதல்ல, கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிவது. வரியே இல்லாதவருக்கும் இதில் 1,700 வரை கையில் கிடைக்கும்.
2. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் தகுதி: திருமணமாகாமலோ பிரிந்தோ, குழந்தையோடு வீட்டை நடத்துபவருக்கான நிலை. இதற்கு நிலையான கழிவு, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழியும் தொகை, 23,625 டாலர். தனியாளுக்கு 15,750தான். வரி அடுக்குகளும் இதில் சற்று அகலமானவை.
3. ஈ.ஐ.டி.சி. எனப்படும் உழைப்பு வருமானக் கிரெடிட்: ஒரு குழந்தை இருந்தால் அதிகபட்சம் 4,328. குழந்தை இல்லாவிட்டால் 649.
4. குழந்தை காப்பகச் செலவுக்கான கிரெடிட்: 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு.
5. கல்லூரிப் பிள்ளை என்றால் கல்விக் கிரெடிட்: அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி எனப்படுவது ஆண்டுக்கு 2,500 வரை.

ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பத்து வயது மகன் ஆண்டின் பெரும்பகுதி அவரோடு இருந்தால், நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 36,375. வரி 4,025. கிரெடிட் 2,200ஐக் கழித்தால் கட்ட வேண்டியது 1,825. மகன் ஜூன் மாதமே தந்தையிடம் போய்விட்டால் அவர் தனியாள். வரிக்குரிய வருமானம் 44,250, வரி 5,071.50. கிரெடிட் எதுவும் இல்லை. வித்தியாசம் 3,246.50 டாலர்.

வருமானம் குறைந்தவருக்கு அடி இன்னும் கடுமையானது. 20,000 டாலர் சம்பாதிக்கும் தாய்க்கு ஒரு குழந்தையோடு ஈ.ஐ.டி.சி. முழுமையாக 4,328 கிடைக்கும். குழந்தை போய்விட்டால் அந்தச் சம்பளத்துக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. குழந்தையில்லாத தனியாளுக்கான வரம்பு 19,104இலேயே முடிந்துவிடுகிறது. ஐந்து மாதம் குழந்தையை வளர்த்தவருக்கு அந்த ஐந்து மாதத்துக்கு எதுவுமே இல்லை என்பது நியாயமா என்றால், இல்லை என்பேன். மாதக்கணக்கில் பகிரும் முறையைச் சட்டம் யோசித்திருக்கலாம். இன்றைய சட்டத்தில் அதற்கு வழியில்லை.

ஆகவே, குழந்தை இடம் மாறுகிறது என்று தெரிந்தவுடன் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று வேலையிடத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். குழந்தை இருப்பதாக நினைத்துச் சம்பளத்தில் குறைவாகப் பிடித்துக்கொண்டே போனால், ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

படிவம் 8332: விட்டுக்கொடுக்க முடிவதும் முடியாததும்

கஸ்டடி பெற்றோர் விரும்பினால் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்கான கருவி படிவம் 8332. கஸ்டடி உள்ளவர் கையெழுத்திட்டுக் கொடுக்க, மற்றவர் அதைத் தன் கணக்கோடு இணைப்பார். ஆனால் மேலே சொன்ன ஐந்தும் ஒரே மூட்டையில் இல்லை, இரண்டு மூட்டைகளாக இருக்கின்றன. ஒன்றைத்தான் கைமாற்ற முடியும்.

கையெழுத்தோடு போவது: டிபென்டென்ட் உரிமை, சைல்ட் டாக்ஸ் கிரெடிட், 17 தாண்டிய பிள்ளைக்கான 500 டாலர் கிரெடிட், கல்விக் கிரெடிட். அரசுச் சந்தையில் வாங்கும் மருத்துவக் காப்பீட்டுக்கான மானியக் கணக்கும் டிபென்டென்டைப் பின்தொடர்ந்தே போகும்.

எத்தனை கையெழுத்துப் போட்டாலும் போகாதது: ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், ஈ.ஐ.டி.சி., காப்பகச் செலவுக் கிரெடிட். இவை குழந்தை உண்மையில் வாழ்ந்த வீட்டோடு ஒட்டியவை. 8332 கையில் இருக்கிறது என்பதற்காக ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்று தாக்கல் செய்யும் தந்தையர் நிறையப் பேர். அது தவறான கணக்கு. மேலே பார்த்த 60,000 டாலர் தாய் 8332 கொடுத்திருந்தால் 2,200ஐ மட்டும் இழப்பார். 4,025 என்ற குறைந்த வரி அவருடையதாகவே இருக்கும்.

மருத்துவச் செலவு மட்டும் விதிவிலக்கு. பிரிந்த பெற்றோர் இருவரும் தாம் கட்டிய சிகிச்சைச் செலவைத் தத்தம் கழிவில் காட்டலாம். யார் டிபென்டென்டாகக் காட்டினார் என்பது அங்கே பொருட்டல்ல.

இந்தப் படிவம் செல்லுபடியாக மூன்று விஷயங்கள் வேண்டும்: பெற்றோர் விவாகரத்தானவராகவோ சட்டப்படி பிரிந்தவராகவோ, ஆண்டின் கடைசி ஆறு மாதமும் தனித்தனியே வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும், பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் இருவரிடமிருந்தே வந்திருக்க வேண்டும், ஆண்டில் பாதிக்கு மேல் பிள்ளை அவர்களில் ஒருவர் அல்லது இருவர் கஸ்டடியில் இருந்திருக்க வேண்டும்.

2008க்குப் பிந்தைய விவாகரத்துத் தீர்ப்புகளை இந்தப் படிவத்துக்குப் பதிலாக இணைக்க முடியாது. 'ஒற்றைப்படை ஆண்டுகளில் தந்தை காட்டலாம்' என்று தீர்ப்பில் இருந்தாலும், தாய் 8332 தராவிட்டால் ஐ.ஆர்.எஸ். தந்தையை ஏற்காது. அவர் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கஸ்டடியே முழுக்கத் தந்தையிடம் மாறிவிட்டால் நிலைமை தலைகீழாகும். பாதிக்கு மேற்பட்ட இரவுகள் அவரிடம் என்றால் அவருக்குப் படிவமே தேவையில்லை. மாறாக, பல ஆண்டுகளுக்கென ஒருவர் முன்பு எழுதிக்கொடுத்த 8332ஐத் திரும்பப் பெற நினைத்தால், அதே படிவத்தின் மூன்றாம் பகுதியை நிரப்பி மற்றவருக்கு அறிவிக்க வேண்டும். அது அறிவித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வரும்.

பிள்ளை யாருடைய கஸ்டடியிலும் இல்லாதபோது: 17, 18, 19

17 வயதில் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் நின்று 500 ஆகச் சுருங்குகிறது. 19இலும் 24இலும் டிபென்டென்ட் தகுதி முடிகிறது. இவை எளிதில் தெரிபவை. பலர் கவனிக்காமல் விடுவது 18ஐ.

பெரும்பாலான மாநிலங்களில் 18 நிறைந்தால் பிள்ளை சட்டப்படி வயதுவந்தவர். அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19, மிசிசிப்பியில் 21. வயதுவந்தவருக்குக் கஸ்டடி என்பதே கிடையாது. எனவே அந்த நாள் முதல் அவர் பெற்றோர் எவர் கஸ்டடியிலும் இல்லை என்று 8332 விதி கருதும்.

இதன் விளைவைப் பாருங்கள். மகன் தாயோடு வசிக்கிறான். தந்தையிடம் பல ஆண்டுகளுக்கான 8332 இருக்கிறது. மே மாதம் மகனுக்கு 18 நிறைகிறது. அந்த ஆண்டில் அவன் 'கஸ்டடியில்' இருந்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. 8332 செல்லுபடியாவதற்கான மூன்றாவது நிபந்தனை உடைந்துவிட்டது. தந்தையின் படிவம் அந்த ஆண்டே செல்லாக்காசு. பொதுவிதிதான் மிஞ்சும்: மகன் பாதிக்கு மேல் தாய் வீட்டில் வாழ்ந்தால் தாய்தான் காட்ட முடியும். கல்லூரியில் சேரும் ஆண்டும் பெரும்பாலும் இதுவே. 2,500 டாலர் கல்விக் கிரெடிட்டை எதிர்பார்த்துக் கட்டணம் கட்டிய தந்தைக்கு அது கிடைக்காது. மகனின் பிறந்தநாள் செப்டம்பரில் வந்தால் அந்த ஆண்டு படிவம் வேலை செய்யும், அடுத்த ஆண்டு செய்யாது. விவாகரத்து ஒப்பந்தத்தில் 'கல்லூரி முடியும்வரை தந்தை காட்டலாம்' என்று எழுதும் வழக்கறிஞர்கள் இதைச் சொல்லாமல் விடும்போது, குடும்பங்கள் பின்னால் தவிக்கின்றன.

குழந்தை இந்தியாவுக்குப் போய்விட்டால்

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பிரிவு வரும்போது, தாய் குழந்தையோடு கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுவதும் தந்தை அங்கேயே வேலையில் தொடர்வதும் நடக்கிறது. இங்கே கேள்விகள் பெருகுகின்றன.

முதலில், குழந்தையின் குடியுரிமை. அமெரிக்காவில் பிறந்த குழந்தை எங்கே வாழ்ந்தாலும் டிபென்டென்டாவதற்கான குடியுரிமை நிபந்தனையை நிறைவேற்றும். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வந்த குழந்தைக்கு அந்த வசதியில்லை. அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிக்கணக்கில் அங்கே வசிப்பவராகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இல்லாதவரை டிபென்டென்டாகக் காட்ட முடியாது. இந்தியாவுக்கு நிரந்தரமாகத் திரும்பிய எச்-4 குழந்தையை அடுத்த ஆண்டு கணக்கில், தந்தை மாதாமாதம் எவ்வளவு அனுப்பினாலும், காட்ட இடமில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அந்தக் குழந்தைக்கு, அமெரிக்காவில் இருந்த காலத்திலும் 2,200 கிடைத்திருக்காது, 500தான்.

இரண்டாவது, வசிப்பிடம். கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன மூன்று மாதம் தற்காலிக விலகல். தாயோடு குடிபெயர்ந்து அங்கேயே பள்ளியில் சேர்ந்து, திரும்புவதற்கான எண்ணமே இல்லாத நிலை அப்படியல்ல. அந்தக் குழந்தை அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் தந்தைக்கு இரண்டு வழிகள் மீதமுள்ளன. ஒன்று, தாய் 8332இல் கையெழுத்திடுவது. மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் தந்தைக்கு வரும். குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டி ஏற்றால் இந்த வழி அடைபடும். மற்றொன்று, 'தகுதியுள்ள உறவினர்' என்ற பிரிவு: குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் தந்தை கொடுத்து, குழந்தையின் வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாகவும், தாய் அமெரிக்காவில் கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லாதவராகவும் இருந்தால், 500 டாலர் கிரெடிட் கிடைக்கும்.

மூன்றாவது, தந்தையின் நிலை. குழந்தை வீட்டில் இல்லாததால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போய்விடும். விவாகரத்து டிசம்பர் 31க்குள் முடியாவிட்டால் அவர் தனியாளும் அல்ல, மணமானவர். மனைவியும் கையெழுத்திட்டுக் கூட்டுக்கணக்குத் தாக்கல் செய்ய ஒப்புக்கொள்ளாவிட்டால், மணமானவர் தனித்தாக்கல் என்ற, சலுகைகள் மிகக் குறைந்த பிரிவிலேயே நிற்க வேண்டும்.

ஒரு பெற்றோரின் சம்மதமின்றி மற்றவர் குழந்தையைக் கொண்டுபோய்விட்டால் வரிச்சட்டம் கைகொடுக்குமா? கடத்தப்பட்ட குழந்தை வீட்டில் வாழ்வதாகவே கருதும் விதி ஒன்று உண்டு. ஆனால் குடும்பத்தைச் சேராத ஒருவர் கடத்தியதாகக் காவல்துறை கருதினால் மட்டுமே அது பொருந்தும். தாயோ தந்தையோ கொண்டுபோனால் பொருந்தாது. சர்வதேசக் குழந்தைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், குழந்தையைத் திரும்பப் பெறும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வது உண்டு. அத்தனை ஆண்டும், குழந்தைக்காகப் போராடும் பெற்றோர் குழந்தையில்லாத தனியாளாக வரி கட்டுகிறார். இந்த விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

ஜீவனாம்சத்துக்குள் ஒளிந்திருக்கும் குழந்தைப் பணம்

குழந்தையின் பராமரிப்புக்காக ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தரும் சைல்ட் சப்போர்ட் தொகைக்கு வரியில் இடமே இல்லை: கொடுப்பவர் கழிக்க முடியாது, வாங்குபவருக்கு அது வருமானமும் அல்ல. 2018க்குப் பிந்தைய விவாகரத்துகளில் ஜீவனாம்சமும் அப்படியே.

2018 டிசம்பர் 31 வரையிலான பழைய ஒப்பந்தங்களில் ஜீவனாம்சம் கொடுப்பவருக்குக் கழிவு, வாங்குபவருக்கு வருமானம். அங்கேதான் சிக்கல். மாதம் 2,000 டாலர் ஜீவனாம்சம், மகள் வீட்டைவிட்டுப் போனதும் 1,200 ஆகக் குறையும் என்று எழுதியிருந்தால், குறையும் அந்த 800 முதல் மாதத்திலிருந்தே சைல்ட் சப்போர்ட்டாகக் கருதப்படும். அதைக் கழிவாகக் காட்டியிருந்தால் தவறு. மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல், அவளுக்கு 18 நிறையும் நாளுக்கு முன்போ பின்போ ஆறு மாதத்துக்குள் குறையும்படி தேதி வைத்திருந்தாலும், ஐ.ஆர்.எஸ். அதைக் குழந்தையோடு இணைத்தே பார்க்கும்.

இருவரும் ஒரே குழந்தையைக் காட்டினால்

முதலில் மின்வழி தாக்கல் செய்தவரின் கணக்கு ஏறிவிடும். இரண்டாமவருடையது திரும்பி வரும். முன்பெல்லாம் அவர் காகிதத்தில் அச்சிட்டு அஞ்சலில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 2024 வருமான ஆண்டு முதல், ஐ.ஆர்.எஸ். வழங்கும் ஐ.பி. பின் என்ற அடையாளப் பாதுகாப்பு எண்ணைப் பெற்றுக்கொண்டால் மின்வழியிலேயே அனுப்பலாம். முந்திக்கொண்டவருக்குக் கூடுதல் உரிமை எதுவும் கிடையாது. சில மாதங்களில் இருவருக்குமே சி.பி.87ஏ என்ற கடிதம் வரும்: தவறாகக் காட்டியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று. எவரும் திருத்தாவிட்டால் தணிக்கை.

தணிக்கையில் பார்ப்பது நீதிமன்ற உத்தரவை அல்ல, குழந்தையின் முகவரியும் தேதியும் உள்ள ஆவணங்களை: பள்ளிப் பதிவு, மருத்துவர் கடிதம், காப்பகத்தின் கடிதம், வீட்டு உரிமையாளரின் சான்று. வீடு மாறிய நாளிலேயே பள்ளிக்கு எழுதி முகவரியை மாற்றியவருக்குக் கையில் சான்று இருக்கும். விதியை அலட்சியம் செய்து காட்டியதாக முடிவானால் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் ஈ.ஐ.டி.சி.யும் இரண்டு ஆண்டுகளுக்குத் தடை, மோசடி என்றால் பத்து ஆண்டுகள். தடை முடிந்த பிறகும் படிவம் 8862ஐ இணைத்துத் தகுதியை மறுபடி நிரூபித்தால்தான் கிரெடிட் கிடைக்கும்.